நம் முன்னோரைத் தேடி: பொன்னேரி வட்டத்து ஏடுகள் சொல்வனவும் சொல்லாதனவும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு வரலாற்றுப் பாடத்தின் பகுதியாக ஓர் எளிய பயிற்சி கொடுத்தேன். தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன் எனத் தத்தம் முன்னோர் பெயர்களை வீட்டில் கேட்டு எழுதிவர வேண்டும் என்பதே அது. மறுநாள் குறிப்பேடுகளைத் திருத்தியபோது ஒரு செய்தி தெளிவாகப் புலப்பட்டது. நிலபுலம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் ஐந்து தலைமுறை, ஆறு தலைமுறை என எழுதியிருந்தனர். நம் சேரிப் பிள்ளைகளின் எழுத்தோ பாட்டனோடு நின்றது. ஒரு சிலரே பூட்டன் வரை சென்றிருந்தனர். ஒரு மாணவி எழுந்து, தன் பூட்டனார் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கும் என்று கேட்டாள். அன்று அவளுக்கு என்னால் விடை கூற இயலவில்லை. என் பூட்டனார் பெயரே எனக்குத் தெரியாது என்பதுதான் அதற்குக் காரணம்.

அந்தக் கேள்வியே என்னை ஏடுகளின் பக்கம் திருப்பியது. வட்டாட்சியர் அலுவலகம், பழைய பள்ளிகளின் பதிவேடுகள், எழும்பூரில் 1909ஆம் ஆண்டு முதல் நிற்கும் ஆவணக் காப்பகம் ஆகிய இடங்களில் விடுமுறை நாட்களைக் கழித்தேன். என்னைப் போலவே தம் குடும்ப வேரைத் தேடும் சிலருடைய நட்பும் வழியிற் கிடைத்தது. வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தார் மலருக்குக் கட்டுரை வேண்டியபோது, இத்தேடலில் அறிந்தவற்றை நம் இளைஞர்க்குச் சொல்லி வைப்பதே தக்கது எனக் கருதினேன்.

உடைமையும் பெயரும்

முன்னோர் பெயரை நினைவில் வைத்தல் அன்பினால் மட்டும் நிகழ்வதன்று. எங்கே உரிமை பிறப்பால் வருகின்றதோ, அங்கே பெயர் காக்கப்படுகின்றது. தொண்டை மண்டலத்தில் மிராசுதாரர் தம் பங்கை நிலைநாட்டத் தந்தை பெயரையும் பாட்டன் பெயரையும் சொல்ல வேண்டியிருந்தது. கோயிலில் முதல் மரியாதை பெறுவோர்க்கும் அவ்வாறே. பெயரை மறந்தால் பங்கு போய்விடும். ஆதலின் பெயரை மறவாதிருந்தனர்.

நம் ஊருக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரியிலும் இதே நிலையைக் காணலாம். அங்கே ‘பாடு’ என்னும் முறை உண்டு. ஏரியின் எந்த இடத்தில், எந்த நாளில், எவர் வலையிடுவது என்பதைக் குப்பத்தார் கூடிச் சீட்டுப் போட்டு வகுத்துக்கொள்வர். அவ்வுரிமை தலைக்கட்டு வழியாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. எனவே பாடு உடைய குடும்பத்தார் தம் தலைமுறைகளைத் தவறாமல் சொல்வர். அதே ஏரிக்கரையில் வாழும் நம் உறவினர்க்குப் பாடு இல்லை. இடுப்பில் பறியைக் கட்டிக்கொண்டு, கழுத்தளவு நீரில் இறங்கி, சேற்றில் இறாலைக் கையால் தடவிப் பிடித்து வாழ்ந்தவர்க்குத் தலைக்கட்டுக் கணக்கு எதற்கு? அவர்களிடம் பெயர் கேட்டவர் எவருமிலர்.

இதிலிருந்து ஒன்றை நாம் தெளிதல் வேண்டும். நம் பிள்ளைகள் பாட்டனுக்கு மேல் பெயர் அறியாதது அவர்தம் குறைபாடன்று. நம் குடும்பங்களின் கவனக்குறைவும் அன்று. நிலம் இல்லாதவனுக்கு எழுத்தில் இடம் இல்லை என்னும் ஏற்பாட்டின் விளைவே அது.

வீட்டுக் கணக்கில் நாம்

1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப், செங்கல்பட்டுப் பகுதியை ஆங்கிலக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். பொன்னேரிப் பகுதியும் அதில் அடங்கியது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் கும்பினிப் பொறியாளர் இந்த ஜாகீரின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர் ஊராக நஞ்சை, புஞ்சை, ஏரி, குளம், தோப்பு, மானியம் ஆகியவையும், இன்ன சாதியார்க்கு இத்தனை வீடு என்னும் விவரமும் அக்கணக்கில் உண்டு. அதற்கு அடிப்படையான தமிழ் ஓலைக் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. காந்தியச் சிந்தனையாளர் தரம்பாலும் அவருக்குப் பின் வந்த ஆய்வாளரும் அக்கணக்குகளை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

அக்கணக்கில் நாம் இருக்கின்றோம். ஆனால் எவ்வாறு இருக்கின்றோம்? பறையர் வீடு இத்தனை என்று ஓர் எண்ணாக இருக்கின்றோம். அவ்வீட்டுக்குள் யார் பிறந்தார், யார் இறந்தார் என்பது கணக்கெழுதியவர்க்கு வேண்டாத செய்தி. மிராசுரிமை பற்றி எல்லிஸ் துரை எழுதி 1818இல் அச்சான அறிக்கையிலும் நம் முன்னோர் நிலத்தோடு கட்டுண்ட பணியாளராகவே பேசப்படுகின்றனர். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்குச் சட்ட வலிமையை நீக்கியது. அதற்குப் பின்னும் சேரியின் பெயர்கள் ஏட்டுக்கு வரவில்லை. 1871இல் சென்னை மாகாணத்தில் குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. அதிலும் நமக்குக் கிடைப்பவை தொகைகளே. நம் நாட்டில் கணக்கு முடிந்தபின் வீட்டுத் தாள்களைப் பாதுகாக்கும் வழக்கம் இல்லை.

இங்கே ஒரு முரணைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. ஊரின் எல்லைக் கற்கள் எங்கே உள்ளன, எந்த வாய்க்கால் எவருடையது, எந்த மேடு புறம்போக்கு என்பவற்றை நன்கறிந்தவர் நம் வெட்டியானே. எல்லைத் தகராறு எழுந்தால் அவர் நடந்து காட்டிய வழியே எல்லை என இரு ஊராரும் ஏற்றனர். கணக்குப்பிள்ளை எழுதினார், வெட்டியான் நினைவில் வைத்திருந்து சொன்னார். பிறருடைய நிலத்துக்கு நம் பாட்டனாரின் நினைவே சான்றாயிற்று. அவர் பெயருக்குச் சான்று எழுத ஒருவரும் இல்லை.

பெயர் எழுதப்பட்ட இடம்

அவ்வாறாயின் நம்மவர் பெயர் எங்குமே எழுதப்படவில்லையா? எழுதப்பட்டது. விற்கப்பட்டபோதும், தண்டிக்கப்பட்டபோதும், கப்பலில் ஏற்றப்பட்டபோதும் எழுதப்பட்டது.

பொன்னேரியைக் கடந்து செல்லும் ஆரணியாறு கலக்குமிடம் பழவேற்காட்டு ஏரி. அங்கே டச்சுக் கும்பினியார் 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். அவர்கள் துணி வாங்கினார்கள் என்பதைப் பாடநூல்கள் சொல்கின்றன. மனிதரையும் வாங்கினார்கள் என்பதை அவை அழுத்திச் சொல்வதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் சோழமண்டலக் கரையிலிருந்து ஆணும் பெண்ணும் குழந்தைகளும் அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜாகர்த்தாவுக்கு, ஏற்றிச் செல்லப்பட்டனர்.

அவ்வாறு சென்றோருள் ஒரு பெண்ணின் பெயர் இன்றும் தெரிகின்றது. டச்சுக்காரர் அவரைப் ‘பெரிய காத்ரைன்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஊர் பழவேற்காடு என ஏட்டில் குறித்தனர். பட்டேவியாவில் அடிமையாக இருந்த அவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குப் பிறந்த கிறிஸ்டோபல் என்னும் மகனுக்கு 1669இல் ஞானமுழுக்கு அளிக்கப்பட்டது. அம்மகன் வழியில் வந்ததே தென்னாப்பிரிக்காவில் பெருகியிருக்கும் ஸ்னைமன் என்னும் குடும்பம். தம்மை வெள்ளையர் எனக் கருதிக்கொண்டிருந்த அக்குடும்பத்தாரின் மூதாட்டி நம் ஏரிக்கரையினள் என்பதை அந்நாட்டுக் குலமரபு ஆய்வாளர்கள் நீதிமன்ற ஏடுகளையும் திருச்சபை ஏடுகளையும் ஒப்பிட்டு நிறுவினர்.

எந்தக் குப்பத்தில், எந்தச் சேரியில் அப்பெண் பிறந்தார் என்பது ஏட்டில் இல்லை. தமிழில் அவருக்குத் தாய் இட்ட பெயரும் இல்லை. எனினும் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பழவேற்காட்டில் பிறந்த ஓர் ஏழைப் பெண்ணின் வழித்தோன்றல்கள் இன்று அவரைத் தம் பாட்டி எனச் சுட்ட முடிகின்றது. அதே காலத்தில் பழவேற்காட்டிலேயே இருந்துவிட்ட அவருடைய உடன்பிறந்தாரின் வழித்தோன்றல்களுக்கு அது முடியாது. சென்றவரை ஏடு பின்தொடர்ந்தது. இருந்தவரை அது காணவில்லை.

கப்பல் பட்டியல்

இதே உண்மையை என் குடும்பத் தேடலிலும் கண்டேன். தாது வருடப் பஞ்சம் என்று நம் பெரியோர் சொல்லும் 1876 முதல் 1878 வரையிலான கொடும் பஞ்சத்தில், என் ஓட்டனாரின் உடன்பிறந்தார் ஒருவர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினார் என்பது எங்கள் வீட்டில் வழங்கும் செய்தி. எந்த நாடு என்பது எவருக்கும் தெரியாது. என் பாட்டியார் ‘அக்கரைக்குப் போனவர்’ என்று மட்டும் சொல்வார். வீட்டில் காரியம் நடக்கும்போது அவருக்கென்று ஓர் இலை போடும் வழக்கம் என் சிறுவயது வரை இருந்தது.

1834 முதல் மொரீசியஸ் தீவுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து சென்றனர். நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பலான துரூரோ, 1860 நவம்பர் 16ஆம் நாள் தர்பன் துறையை அடைந்தது. அது சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பலே. 1911இல் இம்முறை நிறுத்தப்படும் வரை இந்தியாவிலிருந்து அங்கே சென்றோர் தொகை 1,52,184. அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்.

இக்கப்பல்களின் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதன்பின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எனத் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. நம் மக்களுடைய பெயரும், தந்தை பெயரும், ஊர்ப் பெயரும் ஒரே வரியில் முறையாக எழுதப்பட்டதை நான் முதன்முதலாகப் பார்த்தது இத்தகைய பட்டியலில்தான். கரும்புத் தோட்டக்காரன் தான் விலை கொடுத்த உழைப்பை இழந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட ஏடு அது. நம்மீது கொண்ட மதிப்பினால் எழுதப்பட்டதன்று. எனினும் இன்று அதுவே நமக்கு உதவுகின்றது. தர்பனில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையமும், மொரீசியஸில் மோகா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிலையமும் இத்தகைய ஏடுகளைக் காத்து வருகின்றன. மொரீசியஸ் ஏடுகள் சிலவற்றில் கூலிகளின் நிழற்படங்களும் உண்டு.

இப்பட்டியல்களைப் பற்றி எனக்கு எடுத்துச் சொன்னவர் தர்பனில் வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். அவருக்குத் தமிழ் பேச வாராது. ஆனால் தம் பாட்டனாரின் தந்தை பொன்னேரி வட்டத்தார் என்பதைப் பட்டியல் வழியாக அறிந்திருந்தார். அவரிடம் ஏடு இருந்தது, ஊர் தெரியவில்லை. என்னிடம் ஊர் இருந்தது, ஏடு இல்லை. ஈராண்டுக் காலம் நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டோம். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்களை நான் உரக்கப் படித்துப் பார்த்து, இது இன்ன ஊராகலாம் என்று எழுதுவேன். செங்கல்பட்டையே ‘சிங்கில்புட்’ என்று எழுதியவர்கள் சிற்றூர்ப் பெயர்களை எவ்வாறு எழுதியிருப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய ஊரை இரண்டு சிற்றூர்களுள் ஒன்று என்னும் அளவுக்கு நெருங்கினோம். என் ஓட்டனாரின் உடன்பிறந்தாரைத் தேடியபோது, அதே பெயரில் இவ்வட்டத்திலிருந்து சென்ற மூவர் கிடைத்தனர். குலதெய்வத்தின் பெயரையே ஆண்பிள்ளைகளுக்கு இடும் குடும்பங்களில் இது வியப்பன்று. மூவருள் எவர் எங்களவர் என்று உறுதி கூறச் சான்று இல்லை. ஒருவரைத் தேர்ந்து, இவரே என்று எழுதிக்கொள்ள மனம் விரும்பியது. நான் அவ்வாறு செய்யவில்லை. மூவர் பெயரையும் எங்கள் வீட்டு ஏட்டில் எழுதி, உறுதியாகவில்லை எனக் குறித்து வைத்துள்ளேன்.

கடல் கடந்து சென்ற நம் மக்களின் நிலையை நேரில் அறிந்த தலைவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். செங்கல்பட்டுச் சீமையிற் பிறந்து, 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கிய அப்பெருமகனார், பின்னர் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். தாயகம் திரும்பி, 1939இல் தம் வாழ்க்கைச் சுருக்கத்தை நூலாகவும் வெளியிட்டார். பிறர் எழுதுவர் எனக் காத்திராமல் தம்மைப் பற்றித் தாமே எழுதி வைத்த அச்செயல் நமக்கு வழிகாட்டியாகும்.

அமெரிக்கக் கறுப்பினத்தார் கண்ட சுவர்

அமெரிக்காவில் அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்கள் நம்மைப் போன்றே முன்னோரைத் தேடி வருகின்றனர். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் குடிக்கணக்கில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளன் பெயர் இருக்கும், அதன்கீழ் அடிமையின் வயது, பால், நிறம் ஆகியவை இருக்கும், பெயர் இராது. விடுதலைக்குப் பின் எடுத்த 1870ஆம் ஆண்டுக் கணக்கிலேதான் அவர்கள் பெரும்பாலோர் பெயரோடு தோன்றினர். அதற்கு முன் செல்ல முயல்வோர் ஒரு சுவரில் முட்டிக்கொள்வதாகக் கூறுவர். அச்சுவரைக் கடக்க அவர்கள் கண்ட வழி, உடைமையாளனின் உயிலையும் விற்பனைப் பத்திரத்தையும் வரவு செலவுக் கணக்கையும் படிப்பதாகும். தம் பாட்டனைத் தேட, பாட்டனை ஆண்டவனின் ஏட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. நமக்கும் பண்ணைக் கணக்குகளும் அடமானப் பத்திரங்களும் அவ்வாறே உதவக்கூடும்.

1976இல் வெளிவந்த அலெக்ஸ் ஹேலியின் நூலைத் தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்னும் பெயரில் பலர் படித்திருப்பர். அது உலகெங்கும் எளியோரிடையே வேரைத் தேடும் ஆர்வத்தை எழுப்பியது. ஆயினும் அந்நூலின் சில பகுதிகளை ஆவணங்கள் ஆதரிக்கவில்லை எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். நமக்கு இது ஓர் எச்சரிக்கை. முன்னோரை அரசராக்கிக் காட்டும் கதைகள் எல்லாச் சாதியிலும் பெருகியுள்ளன. நம் முன்னோர்க்கு அத்தகைய பொய் மகுடம் தேவையில்லை. அவர்கள் பயிரிட்ட நிலமும் காத்த ஏரியும் இன்றும் கண்முன் உள்ளன.

உள்ளூர் ஏடுகள்

தேடத் தொடங்குவோர் வீட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும். சாவு நேர்ந்தால் எந்தெந்த வீட்டார் தீட்டுக் காக்கின்றனர் என்று கேளுங்கள். பங்காளிகள் யார் என்பது தெரிந்துவிடும். பெண் கொடுத்து வாங்கிய ஊர்களைக் கேளுங்கள். மாமன் வழி தெரிந்துவிடும். பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுவது நம் மரபு. ஆதலின் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையில் ஒரே பெயர் வருமாயின், மறந்துபோன பெயரை ஊகிக்க அது துணையாகும். ஊகித்ததை ஊகம் என்றே எழுதுக.

அடுத்தது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. கர்னல் ஆல்காட் 1894இல் தொடங்கிய பஞ்சமர் பள்ளி முதலாக, மிஷன் பள்ளிகளும், 1919க்குப் பின் அமைந்த தொழிலாளர் துறையின் பள்ளிகளும் நம் பிள்ளைகள் பெயரைத் தந்தை பெயரோடு எழுதின. ஒரு தலைமையாசிரியன் என்ற முறையில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கின்றேன். அவ்வேடுகளில் உள்ள பிறந்த நாள் பலவற்றை ஆசிரியரே இட்டார். எழுத்தறியாத தாய், ‘புயல் அடித்த வருடம் பிறந்தான்’ என்று சொல்ல, ஆசிரியர் வயதைக் கணித்து ஜூன் மாதத்து நாள் ஒன்றை எழுதிவிடுவார். என் தந்தையாரின் பிறந்த நாளும் அவ்வாறு வந்ததே. ஆகவே நாளை நம்பாதீர், பெயரை நம்புங்கள்.

பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் பழைய நாளில் கிராம மணியக்காரர் எழுதினார். குழந்தையின் பெயர் இடுமுன்னரே பதிவதால் ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டுமே இருக்கும். தந்தை பெயரைக் கொண்டுதான் தேட வேண்டும். 1980இல் பரம்பரைக் கிராம அலுவலர் முறை ஒழிக்கப்பட்டபோது சில ஊர்களில் பழைய கணக்குகள் முறையாக ஒப்படைக்கப்படாமல் அழிந்தன. எஞ்சியவற்றை விரைந்து பார்த்தல் நன்று.

சாதிப் பெயரையும் கவனித்தல் வேண்டும். 1922க்கு முந்திய ஏடுகளில் பறையர் என்றும் பஞ்சமர் என்றும் இருக்கும். எம்.சி. ராஜா முதலிய தலைவர்களின் முயற்சியால் அவ்வாண்டு அரசு ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. பழைய ஏட்டில் ‘ஆதிதிராவிடர்’ என்று தேடி, இல்லை என்று திரும்பியவர் உளர். அங்கே நம்மை இழித்து வழங்கிய பெயராலேயே தேட வேண்டும். அது மனத்துக்குக் கசப்பானதே. எனினும் கண்ணை மூடிக்கொண்டால் பாட்டனைக் காண முடியாது.

நிலம் பேசும் ஏடு

இனி எல்லாவற்றினும் இன்றியமையாததைக் கூறுகின்றேன். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் நிலையைக் குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்கு உரிமையில்லை என்பதையும், மிராசுதாரர் நினைத்தால் குடிசையைப் பிரித்து விரட்டலாம் என்பதையும் அதில் எடுத்துக்காட்டினார். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணையின் வழியே நம் மக்களுக்கு நிலம் ஒப்படை செய்யப்பட்டது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. முதற் பத்தாண்டு விற்றல் கூடாது. அதன்பின் விற்பதாயினும் நம் வகுப்பினர்க்கே விற்றல் வேண்டும் என்பது நிபந்தனை. அந்நிபந்தனையை மீறிப் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. 1994 அக்டோபர் 10ஆம் நாள், செங்கல்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கத் திரண்டோர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர்.

பஞ்சமி நிலத்தைக் காட்டுவன செட்டில்மெண்டு பதிவேடும், ‘அ’ பதிவேடும் ஆகும். அவற்றின் குறிப்புப் பத்தியில் நிபந்தனை எழுதப்பட்டிருக்கும். என் பூட்டனார் பெயரை நான் இறுதியில் கண்டது அத்தகைய பதிவேடு ஒன்றின் பழைய படியிலேதான். ஒரு புல எண், சிறிது பரப்பு, அதற்கு எதிரே அவர் பெயரும் அவர் தந்தை பெயரும் இருந்தன. அலுவலகத் தாழ்வாரத்தில் நின்று அவ்வரியை மீண்டும் மீண்டும் படித்தேன். பின்னர் அப்புல எண்ணை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, அது என் தந்தையார் இளமை முழுவதும் நாற்றுக் கட்டும் கதிர்க் கட்டும் சுமந்து கூலி பெற்ற வயல் என்று தெரிந்தது. தம் பாட்டனாரின் நிலத்திலேயே கூலிக்கு நின்றதை அவர் அறியார். அவர் மறைந்து நான்காண்டு கழித்து நான் இதை அறிந்தேன். உடன்பிறந்தார் சேர்ந்து மனு அளித்துள்ளோம். முடிவு இன்னும் வரவில்லை.

இதனாற்றான் முன்னோரைத் தேடுதல் ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு அன்று என்கின்றேன். பெயர் தெரியாதவன் வாரிசு என்று நிற்க முடியாது. பாட்டன் பெயரைச் சொல்லத் தெரியாத பெயரனை நோக்கி, உனக்கும் அந்த நிலத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது எளிது. உடைமை இல்லாததால் பெயரை இழந்தோம். பெயரை இழந்ததால் கிடைத்த உடைமையையும் இழந்தோம். இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். கல்வி பெற்றவர் கையில் அதற்குரிய கருவி இருக்கின்றது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கம் இக்கால் நூற்றாண்டில் நம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் மாலை வகுப்பும் அளித்து வந்துள்ளது. அதனோடு இன்னொரு பணியையும் மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். வீடுதோறும் ஒரு குடும்ப ஏடு எழுதப்படல் வேண்டும். உயர்நிலை வகுப்பு மாணவர் தம் வீட்டு மூத்தோரிடம் கேட்டுப் பெயர், ஊர், உறவு, தொழில், புதைத்த இடம் ஆகியவற்றை எழுதுக. சொன்னவர் யார், எந்நாள் சொன்னார் என்பதையும் குறிக்க. வீட்டிலுள்ள பட்டா, ரசீது, பள்ளிச் சான்று ஆகியவற்றின் படிகளை அதனோடு சேர்த்து வைக்க. 1980களின் இறுதியில் தொடங்கிய நத்தம் நிலவரித் திட்டத்தில் கிடைத்த மனைப் பட்டாக்களும் அதில் இடம்பெறுக. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் உள்ளது. பதிவேட்டின் படியைக் கேட்டுப் பெறப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதினாற் போதும்.

ஒன்றை மறவாதீர். இதுவரை நான் கூறிய ஏடுகளிற் பெரும்பாலானவை தந்தை பெயரையே கேட்டவை. நாற்று நட்ட, இறால் தடவிய, பஞ்சத்தில் குழந்தைகளைக் காத்த நம் பாட்டிமார் பெயர் அவற்றில் இல்லை. நாம் எழுதும் ஏட்டிலேனும் அவர்கள் பெயர் முதலில் இருக்கட்டும். என் பூட்டனார் பெயரைச் செட்டில்மெண்டு ஏடு சொன்னது; அவர் மனைவியின் பெயரைப் பழவேற்காட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த, தொண்ணூறு வயது கடந்த என் அத்தையார் சொன்னார். நான் எழுதிக்கொண்ட மறு மாதமே அவர் காலமானார். நான் செல்லாதிருந்தால் அப்பெயர் அவரோடு மண்ணுக்குப் போயிருக்கும்.

கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது கல்லூரியிற் படிக்கின்றாள். சென்ற பொங்கலன்று என்னைக் காண வந்தபோது ஒரு குறிப்பேட்டைக் காட்டினாள். அதில் அவள் பூட்டனார் பெயர் இருந்தது. பூட்டியார் பெயரும் இருந்தது. அதற்கு மேலே சில வரிகளைக் காலியாக விட்டிருந்தாள். கண்டுபிடித்ததும் நிரப்புவேன் என்றாள்.

வெள்ளி விழாக் காணும் இச்சங்கம் பொன் விழாக் காணும் நாளில், அனுப்பம்பட்டிலும் அதைச் சூழ்ந்த சேரிகளிலும் அத்தகைய குறிப்பேடு இல்லாத வீடு ஒன்றும் இராதிருக்கட்டும். அப்பணியில் இளைஞர்க்குத் துணை நிற்க, பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் நான் காத்திருக்கின்றேன்.